முந்நூறு அரிக்கா பாமும் ஒரு ‘இல்ல’யும்

காரை விட்டு இறங்கும்போதே கேட்பாங்க: “இது சின்ன நர்சரியாம்மா, பெரிய நர்சரியா?” கண்ணு இல்லையா இவங்களுக்கு? முன்னால அஞ்சாறு வரிசை செடி, மேல ஒரு பச்சை வலை, பின்னால ஒரு தகரக் கொட்டாய், கொட்டாய் வாசல்ல எரு கலந்துக்கினு எங்க வீட்டுக்காரரு. இதுல பெருசு எங்க ஒளிஞ்சிருக்குது? ஆனா அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சிரிச்ச முகத்தோட, “உள்ள வாங்கம்மா, எல்லாம் இருக்குது”ன்னு தான் சொல்லுவேன்.

டவுன்ல பட்டுப் புடவை எடுத்துட்டுத் திரும்பற வெளியூர்க்காரங்க தான் எங்களுக்குப் பாதி வியாபாரம். கடையில ஏசியில உட்கார்ந்து, போட்ட பில்லை மறுபேச்சு இல்லாம கட்டிட்டு, அந்தப் பையைப் பின் சீட்டுல பத்திரமா வெச்சிக்கினு வந்து, என்கிட்ட ஒரு ரோஜாச் செடிக்குப் பத்து ரூபா குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிப்பாங்க. “மண்ணு தானேம்மா இது”ன்னு வேற சொல்லுவாங்க. மண்ணு தான். அந்த மண்ணு லாரியில வரணும், தென்னை நார்த் தூளு வரணும், எரு வரணும், கவர் வாங்கணும், மோட்டாருக்குக் கரன்ட்டு கட்டணும். அப்புறம் வெயில்ல கருகினது, மழையில அழுகினது, ஆடு தின்னது எல்லாம் போக மிஞ்சி நிக்கறது தான் தாயீ அந்த ரோஜா. இதைச் சொன்னா, போனை எடுத்து, “இதுல இதைவிடக் கம்மியா காட்டுது பாருங்க”ன்னு படம் காட்டுவாங்க. எனக்கு அப்படியே பத்திக்கினு வரும்.

ஐயம்பேட்டை ரோட்டுல வரிசையா நாங்க மூணு பேரு. நடுவுல எங்களுது. இந்தப் பக்கம் ஒரு பாய். சிமென்ட் தொட்டி வார்க்கறவரு, தொட்டி சும்மா நிக்குதேன்னு அதுல செடியும் வெச்சி விக்க ஆரம்பிச்சாரு. அந்தப் பக்கம் தெலுங்கு பேசற ஒரு அண்ணன். ஆந்திராவுல கடியத்துலருந்து வர்ற செடி லாரியில பத்துப் பதினஞ்சு செடிக்கு இடம் கெஞ்சி வாங்கி வியாபாரம் பண்றவரு. முழு லாரி எடுக்க எங்க மூணு பேருல யாருக்கும் வக்கு கிடையாது. லாரியை ரொப்பினா செடி விலை இறங்கும், ரொப்ப முடியாதவங்களுக்குச் செடியைவிட வாடகை ஏறும். சின்னவங்க சின்னவங்களாவே கிடக்கறதுக்கு வேற சூனியம் யாரும் வெக்க வேணாம்.

அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. மாத்துன்னு சொல்லுவோம். என்கிட்ட வந்து ஒருத்தர் நந்தியாவட்டை கேட்டா, “குந்துங்க, தோ எடுத்தாறேன்”னு பின்பக்கமா ஓடி பாய்கிட்ட எடுத்தாருவேன். பாய்க்கு இட்லிப்பூ வேணும்னா எங்க வேலியைத் தாண்டி வருவாரு. காசு கிடையாது, செடிக்குச் செடி தான். எது யாருதுன்னு குழம்பாம இருக்க, தறிக்காரங்க வீட்டுல வெட்டிப் போடற பட்டு நூல் கழிவை வாங்கியாந்து செடியோட கழுத்துல ஒரு முடிச்சு போட்டுருவோம். எங்களுது அரக்கு, பாயுது பச்சை, தெலுங்கு அண்ணனுது மஞ்சள்.

இதுல இன்னொண்ணு இருக்குது. எங்க ரோட்டுல யாரும் ‘இல்ல’ன்னு சொல்ல மாட்டோம். வீட்டுல உப்பு தீர்ந்தாக்கூட ‘உப்பு நிறைஞ்சிருக்குது’ன்னு தானே சொல்றோம்? வியாபாரத்துல வாயைத் தொறந்து அந்த வார்த்தையைச் சொன்னா பர்கத், அதான் விருத்தி, போயிடும்னு பாய் சொல்லுவாரு. தெலுங்கு அண்ணன் காலையில போணி ஆகறதுக்கு முன்னாடி நான் சும்மா ‘இல்லண்ணே’ன்னு பேச்சுக்குச் சொன்னாக்கூடக் காதைப் பொத்திக்குவாரு. அப்போ கணக்கு எப்படின்னா, பாய்கிட்ட இருக்கறது என்கிட்ட இருக்கற மாதிரி. என்கிட்ட இருக்கறது அவங்க ரெண்டு பேருகிட்டயும் இருக்கற மாதிரி. இதை அன்னிக்கு வரைக்கும் நாங்க சாமர்த்தியம்னு தான் நெனைச்சிக்கினு இருந்தோம்.

இந்த லட்சணத்துல தான் கொஞ்ச தூரத்துல அந்தப் பெரிய நர்சரி வந்து இறங்குச்சு. ஆர்ச்சு வெச்ச வாசல், செயற்கை அருவி, காபி குடிக்க ஒரு இடம், கண்ணாடி ரூம்ல ஏசி போட்டுக்கினு ஒரு மேனேஜர். ‘அனைத்துச் செடிகளும் எங்கள் சொந்தப் பண்ணையில் வளர்ந்தவை’ன்னு ஆளுயரத்துக்குப் போர்டு. அங்க விலையை எழுதி ஒட்டியிருப்பான். அதே சனங்க, அதே ரோஜா, அங்க மட்டும் வாயைத் தொறக்காம வாங்கிக்கினு போகும். வயிறு எரியாதா எனக்கு?

எங்க வீட்டுக்காரருக்கு வயிறு எரியல, ஆசை வந்துடுச்சு. அந்த மேனேஜரு இவரைக் கூப்பிட்டு, “புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்துடுங்க, மாசச் சம்பளம், பி.எஃப்., ஞாயித்துக்கிழமை லீவு”ன்னு சொல்லி, கம்பெனி பேரு போட்ட ஒரு பச்சை டி-ஷர்ட்டையும் கையில கொடுத்து அனுப்பிட்டான். இந்த மனுஷன் அதைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, பீரோவுல என் கூரைப்புடவைக்கு மேல வெச்சிருக்காரு! பார்த்தேன் பாரு, எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

“இன்னாயா, அதுக்குள்ள மாலை மரியாதையா?”ன்னு கேட்டேன்.

“இன்னாம்மா பண்றது? முதுகு ஒடியுது. இதுல இன்னா மிஞ்சுது சொல்லு. அங்க போனா ஒண்ணாந்தேதி கையில காசு.”

அவரு சொன்னது பொய் இல்ல. அதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆனா எங்க அப்பா அம்மா கூலிக்கு நாத்து நட்டவங்க. ஊரு பூரா நட்டாங்க. தங்களுக்குன்னு ஒரு கறிவேப்பிலை வெக்கக் கையளவு மண்ணு கிடையாது. இந்த நர்சரி இருக்கற இடமும் குத்தகை தான். ஆனா கவருக்குள்ள இருக்கற மண்ணு என்னுது. யாராவது ‘காலி பண்ணு’ன்னா அதைத் தூக்கிக்கினு போவேன். அதை விட்டுட்டுப் போயி, மறுபடியும் இன்னொருத்தன் செடிக்கு, அவன் சொல்ற நேரத்துக்கு நான் தண்ணி ஊத்தணுமா? முடியாதுன்னுட்டேன். சண்டை வளர்ந்து வளர்ந்து, கடைசியில ஒரு பேச்சுக்கு வந்தோம். தாமல் ஏரிப் பக்கம் புதுசா ஒரு கல்யாண மண்டபம் கட்டறாங்க, செடி ஆர்டர் வரப் போவுது. அது எங்க கை வழியா ஒழுங்கா போயி இறங்கினா, நர்சரியை மூடற பேச்சே எடுக்கக் கூடாது. கோட்டை விட்டா, ரெண்டு பேரும் பச்சை டி-ஷர்ட்டை மாட்டிக்கினு அங்க போயிடணும். ரோஷத்துல நானும் சரின்னுட்டேன்.

மண்டபத்து இன்ஜினியரு பைக்ல வந்தாரு. “நாலடி உயரத்துல அரிக்கா பாம் எவ்ளோ இருக்குது?”ன்னாரு. வாசல்ல ரெண்டு பக்கமும் பனை மாதிரி நிக்குமே, அந்தச் செடி.

“எவ்ளோ சார் வேணும்?”

“முந்நூறு.”

“இருக்குது சார்.”

என்கிட்ட இருந்தது நூத்தம்பது. பாய்கிட்டயும் தெலுங்கு அண்ணன்கிட்டயும் மீதி தேறிடும்னு மனசுக்குள்ளயே கூட்டிட்டேன். அவரு தலையை ஆட்டிட்டு, சின்னதா ஒரு அட்வான்ஸைக் கையில கொடுத்து, “வெள்ளிக்கிழமை காலையில இறங்கணும், முந்நூறும் ஒண்ணா வரணும், பிச்சுப் பிச்சுக் கொண்டாந்தா திருப்பி அனுப்பிடுவேன்”னு சொல்லிட்டுப் போனாரு. நான் எங்க வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில அவரு எரு கலக்கறதை நிறுத்திட்டாரு. அன்னிக்குச் சோறு எனக்கு ஒரு புடி சேர்த்தே இறங்குச்சு.

வியாழக்கிழமை காலையில மாத்து கேட்கலாம்னு பாய் இடத்துக்குக் கிளம்பினேன். வேலிகிட்ட எதிர்ல பாய் வர்றாரு. அவருக்குப் பின்னாலயே தெலுங்கு அண்ணன். மூணு பேரும் ஒரே நேரத்துல வாயைத் தொறந்தோம்.

“அக்கா, உன்கிட்ட இருக்கற அரிக்கா பாம் மொத்தமும் எனக்கு வேணுமே,” இது பாய்.

“அம்மோ, நானும் அதுக்குத் தான் வந்துக்கினு இருக்கேன்,” இது தெலுங்கு அண்ணன்.

அந்த இன்ஜினியரு மூணு பேருகிட்டயும் கேட்டிருக்காரு. மூணு பேரும் ‘இருக்குது’ன்னு சொல்லி, மூணு பேரும் அட்வான்ஸை வாங்கிப் பையில போட்டிருக்கோம். ரோட்டுல இருக்கறதே மொத்தம் முந்நூறு. நாங்க வித்தது தொள்ளாயிரம்! பாயோட அம்பது செடியை நாங்க மூணு பேரும் மூணு வாட்டி வித்திருக்கோம்.

“ஏன் பாய் இல்லாததை இருக்குதுன்னு சொன்னே?”

“நீ மட்டும் இன்னா சொன்னே?”

“என்கிட்ட பாதியாவது இருக்குதே!”

கத்தினோம். பழசையெல்லாம் இழுத்தோம். போன வருஷத்து நந்தியாவட்டை திரும்பி வரலன்னு நானு, என் இட்லிப்பூவுல பூச்சி இருந்துச்சுன்னு பாய். கத்தி என்ன பிரயோஜனம்? தெலுங்கு அண்ணன் கடியத்துக்குப் போன் போட்டாரு. லாரி நேத்தே கிளம்பிடுச்சாம், அடுத்தது ரொம்பினா தான் கிளம்புமாம். மீதி அறுநூறுக்கு வேற வழி ஒண்ணு தான். பெரிய நர்சரியில போயி வாங்கணும். யாரு வாசலை மிதிக்க மாட்டேன்னு சபதம் போட்டேனோ, அந்த வாசலுக்கு, பாயோட லோடு ஆட்டோவுல, தொட்டிங்களுக்கு நடுவுல குந்திக்கினு போனேன். எங்க வீட்டுக்காரரு கடையைப் பார்த்துக்கினு இருந்தாரு. அவரு முகத்துல சிரிப்பு இல்ல, ஆனா வருத்தமும் இல்ல. அதை நான் அப்பவே கவனிச்சேன்.

உள்ள போயி அரிக்கா பாம் எங்கன்னு கேட்டோம். அருவிக்குப் பின்னால ஒரு வரிசை நின்னுச்சு. எண்ணிப் பார்த்தா நூறு கூட தேறாது. கிட்ட போயி கவரைத் திருப்பினேன். அப்படியே நின்னுட்டேன். செடி கழுத்துல அரக்கு நூலு. பக்கத்துல பச்சை. அதுக்குப் பக்கத்துல மஞ்சள். அவிழ்க்கக் கூட சோம்பேறித்தனம் அவனுங்களுக்கு. ஒவ்வொரு மழைக்கும், இடம் அடைக்குதேன்னு நாங்க மூணு பேரும் அடிமாட்டு விலைக்கு ஒரு ஏஜென்ட்டுகிட்டத் தள்ளி விடுவோம். குட்டி லாரியில வந்து அள்ளிக்கினு போவான். எங்கியோ சென்னைக்குப் போவுதுன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். இவனோட சொந்தப் பண்ணையே நாங்க தானா!

“யா அல்லா, இது நம்ம செடி”ன்னு பாய் அந்த நூலைப் புடிச்சிக்கினு நிக்கறாரு. அப்போ என் போன் அடிக்குது. ஏஜென்ட்டு.

“அக்கா, அவசரம். நாலடி அரிக்கா பாம் எவ்ளோ இருந்தாலும் இப்பவே எடுத்துக்கறேன். ஒரு பெரிய பார்ட்டி ஆர்டர் எடுத்துட்டு முழிச்சிக்கினு இருக்குது. முந்நூறு வேணுமாம்.”

நான் கண்ணாடி ரூமைப் பார்த்தேன். மேனேஜரு இன்னொரு போனைக் காதுல வெச்சிக்கினு, எதிர்ல குந்தியிருந்த ஆளுகிட்ட, ‘சீக்கிரம் கேளு’ன்னு கையைக் காட்டறான். எதிர்ல போன்ல பேசிக்கினு இருக்கறவன் எங்க ஏஜென்ட்டு. அவன் பேசறது என்கிட்ட. இதுக்கு அழறதா சிரிக்கறதா? ஆர்ச்சும் அருவியும் வெச்சா பெரிய நர்சரியா? இவனும் எங்களை மாதிரியே அடுத்தவன் செடியை எண்ணித் தான் ‘இருக்குது’ன்னு சொல்லியிருக்கான். “அப்புறம் பேசறேன்”னு போனை வெச்சிட்டு, ரெண்டு பேரையும் இழுத்துக்கினு வெளியே வந்துட்டேன்.

நேரா தாமல். மண்டபத்துல குழி வெட்டிக்கினு இருந்தாங்க. நான் இன்ஜினியரைப் புடிச்சு நேராவே கேட்டேன்: “சார், நாலு இடத்துல முந்நூறு முந்நூறுன்னு சொல்லியிருக்கீங்களே, எத்தனை குழி?”

மனுஷன் கொஞ்சமும் வெட்கப்படல. “முந்நூறு தான். நர்சரிக்காரங்க யாரு ‘இல்ல’ன்னு சொல்லியிருக்கீங்க? போன தடவை ஒருத்தரை நம்பி, திறப்பு விழாவுக்கு வெறும் குழியோட நின்னேன். அதான் நாலு பேருகிட்ட சொன்னேன். நாளைக்குக் காலையில யாரு முழுசா இறக்கறாங்களோ அவங்களுக்குக் காசு. மத்தவங்க அட்வான்ஸை வெச்சிக்கட்டும்.”

திட்டணும்னு தான் வாயைத் தொறந்தேன். எதைச் சொல்லித் திட்டறது? எங்க பொய்யை நம்பாததுக்கா?

திரும்பி வரும்போது ஆட்டோவுலயே பேசி முடிச்சோம். எங்க மூணு பேரு செடியும் சேர்ந்தா சரியா முந்நூறு. ஒரே வண்டியில போயி இறக்கினா முடிஞ்சுது. ஏஜென்ட்டுக்கு மட்டும் செடி போகக் கூடாது. அவன் கேட்டா ‘இல்ல’ன்னு சொல்லணும்.

“வாயால சொல்லணுமா?”ன்னாரு பாய்.

“பின்ன காலால சொல்லுவியா?”

சொல்லி வாய் மூடல, பாய்க்கு ஏஜென்ட்டுகிட்டருந்து போன் வந்துடுச்சு. வண்டியை ஓரங்கட்டினாரு. தொப்பியைக் கழட்டித் திரும்ப வெச்சாரு. “தம்பி… அது வந்து… இல்ல தம்பி”ன்னு சொல்லிட்டு, ஏதோ சொத்தே போன மாதிரி போனைப் பார்த்தாரு. தெலுங்கு அண்ணனுக்கு வந்தப்போ அவரு ஒரே வார்த்தையில “லேது”ன்னு வெச்சிட்டாரு. தமிழ்ல அவருக்கு நாக்கு வரலயாம். அந்தப் பதட்டத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

சிரிச்சிக்கினே தான் ஐயம்பேட்டை வந்து சேர்ந்தேன். எங்க வாசல்ல குட்டி லாரி நிக்குது. பாதி ஏத்தியாச்சு. எங்க வீட்டுக்காரரு ரெண்டு கையிலயும் அரிக்கா பாமைத் தூக்கிக்கினு வர்றாரு. ஏஜென்ட்டு பல்லைக் காட்டறான்: “அக்கா, நீ போனை வெச்சிட்டே. அண்ணன் இருக்குதுன்னு சொல்லி முழுக் காசையும் வாங்கிட்டாரு.”

எல்லாரையும் நெனைச்சேன், கட்டினவரை மறந்துட்டேன். பாய் மாதிரி ஆளு ‘இல்ல’ன்னு சொல்லிட்டாரு, என் வீட்டுல ‘இருக்குது’! நான் போயி லாரிக்கு முன்னால நின்னுக்கினேன்.

“இல்ல”ன்னேன்.

“இன்னாக்கா, கண்ணு முன்னால நிக்குது, இல்லன்றியே!”

“இல்லன்னா இல்ல. இறக்கு.”

“வித்தது வித்தது தான்க்கா. அண்ணனைக் கேளு.”

நான் அவரு பக்கம் திரும்பினேன். “யோவ், உண்மையைச் சொல்லு. இவன் யாருக்கு வாங்கறான்னு தெரியாமத் தான் ஏத்துனியா?”

அவரு கையில இருந்த செடியைக் கீழ வெக்கல. தரையைப் பார்த்துக்கினே சொன்னாரு: “பாதி தெரியும்.”

பாதி தெரியுமாம். எனக்கு அப்படியே அழுகை முட்டிக்கினு வந்துடுச்சு. “போ, ஏத்து. பீரோவுல இருக்கற டி-ஷர்ட்டையும் போட்டுக்கோ. எனக்கும் ஒண்ணு வாங்கியா. எங்க அம்மா அடுத்தவன் மண்ணுல குனிஞ்சாங்க, நானும் போயி குனியறேன்”னு மட்டும் சொன்னேன். சொல்லிட்டு லாரிக்கு முன்னாலருந்து நகர்ந்துட்டேன்.

ஏஜென்ட்டு வண்டியில ஏறி சாவியைத் திருகினான். பாயும் தெலுங்கு அண்ணனும் வேலிகிட்ட நிக்கறாங்க. எங்க வீட்டுக்காரரு அந்தச் செடியோட கழுத்துல இருந்த அரக்கு நூலைப் பார்த்தாரு. அப்புறம் லாரிக்குப் போனாரு. ஏத்தப் போறாருன்னு தான் நெனைச்சேன். செடியைக் கீழ வெச்சிட்டு, ஜன்னல்ல கையை விட்டு, சட்டைப் பையில இருந்த காசை அப்படியே ஏஜென்ட்டு மடியில வெச்சாரு.

“அதான் அவ இல்லன்னுட்டாளே”ன்னு சொல்லிட்டு, பின்பக்கக் கதவை இறக்கி முதல் செடியைக் கையில எடுத்தாரு. பாயும் தெலுங்கு அண்ணனும் ஓடி வந்து கூட இறக்கினாங்க. ஏஜென்ட்டு எங்க வம்சத்தையே திட்டிக்கினு போனான். போவட்டும்.

வெள்ளிக்கிழமை விடியக்காலையில மண்டபத்துல இறக்கினோம். வெவ்வேற கை வளர்த்த செடி, ஒண்ணு கூட இன்னொண்ணு உயரம் கிடையாது. என்னுது நெட்டை, பாயுது குண்டு, தெலுங்கு அண்ணனுது ரெண்டுத்துக்கும் நடுவுல. இன்ஜினியரு மூஞ்சியைச் சுளிச்சாரு, ஆனா காசைக் கொடுத்துட்டாரு. நூல் எண்ணிப் பிரிச்சிக்கினோம். வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் போக, அதை வெச்சிப் பெரிய நர்சரி வாசல்ல ஒரு காபி குடிக்கலாம், அவ்வளவு தான். இதுக்கா இத்தனை ரகளைன்னு எனக்கே ஆயாசமா போச்சு.

மறுநாள் காலையில புது எரு லோடு வந்து இறங்குச்சு. ஆட்டுப் புழுக்கை, நாத்தம் தாங்கல. பழைய சட்டை எதையாவது மாட்டிக்கினு வாய்யான்னு குரல் கொடுத்தேன். இவரு உள்ள போயி, இஸ்திரி மடிப்பு கலையாத அந்தப் பச்சை டி-ஷர்ட்டை மாட்டிக்கினு வந்து எருவுல குந்தினாரு. கம்பெனி பேரு மேலயே முதல் கூடையைச் சாய்ச்சுக்கினாரு. நான் பார்க்காத மாதிரி மண்வெட்டியை எடுத்துக்கினு போயி அவருக்கு எதிர்ல குந்தினேன். அந்த நேரம் பார்த்து ரோட்டுல ஒரு காரு நின்னு, உள்ள இருந்து ஒரு அம்மா கேட்டாங்க, இது சின்ன நர்சரியா, பெரிய நர்சரியான்னு. “எங்களுதும்மா”ன்னாரு அவரு, தலையைத் தூக்காமலே.